நான் ஓட்டிவிட்ட ஒன்பது நிமிடம்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு நீ கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தபோது நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உன் அம்மா பக்கத்தில் நின்று, துருவல் பெரிது பெரிதாக விழுகிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பா, நான் முடிவெடுத்திட்டன். படத்திலை இருக்கிற காதலை வெட்டப்போறன்" என்றாய். "எங்கட ஊர்ச்சனத்துக்கே விளங்கேல்லை எண்டா வெளியிலை ஆருக்கு விளங்கப்போகுது? மிசின் கதையை மட்டும் வைச்சு மாதக் கடைசிக்குள்ள பட விழாவுக்கு அனுப்பிப்போடுவன். ரெண்டு வருசமாக் கீறினது, பரவாயில்லை." அந்தப் பரவாயில்லையைச் சொல்லும்போது உன் குரல் ஒரு படி இறங்கியது. நான் தேங்காயோடு விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன். நீ தொலைபேசியை வைத்ததும் அம்மா என் விரலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். எழுதித்தான் சொல்வேன் என்றும் சொன்னேன். எனக்கு வாயால் உண்மை பேசிப் பழக்கம் குறைவு என்பது உனக்குத் தெரியும்.

ஊருக்கு விளங்கவில்லை என்பது உண்மைதான் பிள்ளை. ஆனால் ஊர் அதைப் பார்க்கவே இல்லை. நீ படம் படமாக வரைந்து அனுப்பிய முப்பத்தெட்டு நிமிடப் படத்தில் காதல் வருகிற ஒன்பது நிமிடத்தை உன் அப்பன் மடிக்கணினிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு விரலால் முன்னுக்கு ஓட்டிவிட்டான். ஓட்டிவிட்டு, உனக்குத் தொலைபேசியில், "சனத்துக்கு மிசின் நல்லாப் பிடிச்சிருக்கு மோளை, அது அழுகிறதுதான் விளங்கேல்லையாம்" என்று நடுநிலையான ஒரு செய்தியாளன்போல அறிக்கையும் தந்தான். களவு நடந்தது எங்கள் தர்மபுரம் வாசிகசாலை மண்டபத்தில், எழுபது எண்பது பேருக்கு முன்னால். ஆகவே ஒப்புக்கொள்வதும் அவர்களுக்கு முன்னால்தான் நடக்கவேண்டும். வாசிகசாலை ஆண்டு மலருக்கு ஒரு ஆசிச்செய்தி தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆசி சொல்லும் தகுதி எனக்கு இப்போதைக்கு இல்லை என்பதால் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப்போகிறேன். முதல் பிரதி உனக்கு, இரண்டாவது மலருக்கு.

மலரை வாசிப்பவர்களுக்காக உன் படத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், நீ கோபிக்காதே. இன்றைக்கு நூற்றைம்பது வருடம் கழித்து வன்னி. மழை கஞ்சத்தனம் பண்ணுகிற காலம். குளத்துத் துருசுக் கதவைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட ஒரு இயந்திரம் நிற்கிறது. நாரைபோல நீண்ட ஒற்றைக் கால், நெற்றியில் ஒரே ஒரு கண், அந்தக் கண்ணில் மஞ்சள் வெளிச்சம். பெயர் காவலன். வேணி என்கிற கமக்காரப் பெண் தன் முறைக்குத் தண்ணீர் கேட்டு வருகிறாள். ஒவ்வொரு முறையும் காவலன் அவளுடைய வாய்க்காலை இரண்டு நிமிடம் பிந்தி மூடுகிறது. ஏன் பிந்துகிறது என்று அதற்கே தெரியவில்லை, தன்னில் ஏதோ பழுது என்று நினைக்கிறது. பிறகு நாற்பது நாள் புழுதி வானத்தை மூடுகிறது. வெயிலில் உயிர்வாழும் இயந்திரம் மங்கத் தொடங்குகிறது. வேணி மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய சைக்கிளைத் தோண்டி எடுத்து, அதன் டைனமோவைக் காவலனுக்குக் கொழுவி, மிதிக்கிறாள். கண் பற்றுகிறது. அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, இன்னும் வேகமாக மிதிக்கிறாள், உள்ளே ஏதோ எரிந்து புகைகிறது. காவலன் எல்லாவற்றையும் மறந்துபோகிறது. அடுத்த போகத்தில் அவள் தண்ணீருக்கு வரும்போது அவளை அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் வாய்க்காலை இரண்டு நிமிடம் பிந்தித்தான் மூடுகிறது. கண்ணிலிருந்து நீர் வழிகிறது. படம் முடிகிறது.

இதில் நான் ஓட்டிவிட்டது சைக்கிள் தோண்டுவது முதல் புகைவது வரை. மிஞ்சியதைப் பார்த்த சனத்தின் நிலையை யோசித்துப்பார். வானம் இருண்டது, பிறகு சர்ரென்று எல்லாம் பறந்தது, பிறகு ஒரு மிசின் நின்று காரணமில்லாமல் அழுதது. வெளிச்சம் போட்டதும் முன்வரிசையில் இருந்த சின்னராசா அண்ணை தொண்டையைச் செருமினார். அவர் கோயில் தலைவர், கமக்காரர் அமைப்புத் தலைவர், தலைவர் இல்லாத இடத்திலும் தலைவர். "பிள்ளை திறமாக் கீறியிருக்கிறாள். ஆனா அந்த மிசின் ஏன் கடைசியிலை ஒழுகுது?" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "உள்ளுக்கை றப்பர் வாசர் தேஞ்சிருக்கும் அண்ணை" என்றார். "வாசர் எண்டால் கீழாலை எல்லோ ஒழுகவேணும்? இது கண்ணாலை ஒழுகுது." "கண்ணிலையும் ஒரு வாசர் இருக்கும், சீனாச் சாமான்தானே." இப்படிக் கால்மணி நேரம் உன் காதல் காவியத்தின் உச்சக்காட்சியை நீரிறைக்கும் மிசின் திருத்துகிறவர்கள் ஆராய்ந்தார்கள். நான் மடிக்கணினியை மூடிக்கொண்டேன். பின்வரிசையில் இருந்த உன் அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சம்பல் இல்லாத புட்டுத்தான் கிடைத்தது.

ஏன் ஓட்டினீர்கள் என்று கேட்பாய். முதலில் என்னிடம் ஒரு அழகான சாட்டு இருந்தது, அதைச் சொல்லிவிட்டுப் பிறகு உண்மைக்கு வருகிறேன். எனக்குப் பதினேழு வயதில் எங்கள் ஊரில் கலியாணம், பெண் பெரியவளாகும் சாமத்தியவீடு என்றால் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் போட்டுப் படம் காட்டுவார்கள். முன்னுக்குப் பெரியவர்கள், நடுவில் பெண்கள், பின்னுக்கு எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டு ஒன்றையும் பார்க்காத நாங்கள். கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு முழத் தூரத்துக்குள் வந்தால் படத்தை ஓட்டிவிட வேண்டும் என்பது சபையின் சட்டம். அதற்கென்று டெக்குக்குப் பக்கத்தில் ஒரு ஒழுக்கமான பெடியனை இருத்துவார்கள். இரண்டு வருடம் அந்தப் பதவியை நான் வகித்தேன். ஒழுக்கத்துக்காக அல்ல, எல்லாவற்றையும் கிட்டத்தில் இருந்து பார்க்கலாம் என்பதற்காகத்தான் கேட்டு வாங்கினேன். ஆனால் முழம் நெருங்கினதும் விரல் தானாகப் போய் அழுத்திவிடும். எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கு, மரத்தடியில் இருவர் பார்த்துச் சிரித்தால் அடுத்த கணமே ஒரு பிள்ளை புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகும் என்றுதான் தெரியும். அந்தத் தலைமுறையின் அறிவை இருட்டாக்கிய விரல் இது. ஆகவே பழக்கதோஷம் பிள்ளை, வேணி காவலனுக்காகச் சைக்கிளைத் தோண்டத் தொடங்கினதும் விரல் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

"உங்கட விரலுக்கு அம்பத்துநாலு வயசு. சும்மா கதை விடாதேங்கோ" என்றார் அம்மா. "உண்மையைச் சொல்லுங்கோ. சைக்கிளைக் கண்டோடனை ஏன் வேர்த்தது?"

உண்மை இதுதான். வேணி மிதித்து மிதித்துக் காவலனின் கண் புகைந்த அந்தக் காட்சியை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கேயோ என்ன, நானே செய்திருக்கிறேன். உனக்கு இதைச் சொன்னது அம்மா என்று எனக்கு இப்போதுதான் தெரியும். "பிள்ளை கேட்டவள், நீங்கள் ரெண்டுபேரும் எப்பிடிச் சேர்ந்தனீங்கள் எண்டு. நான் என்ன, அவளுக்கும் மின்னல் எண்டே சொல்லுறது?" என்கிறார். ஊர் முன்னால் சொல்லாததை இப்போது நான் சொல்கிறேன். அம்மாவிடம் நீ கேட்டது அவருடைய பக்கம். என் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகப் புகை இருக்கிறது.

உன் அம்மாவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் பக்கத்துக் காணிக்கு வந்த காலம் அது. பொருளாதாரத் தடையால் பற்றறி வன்னிக்குள் வராது, மின்சாரம் என்ற சொல் பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்தது. உன் அம்மப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். வரும்போது எதை விட்டாலும் ரேடியோவை விடவில்லை, வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். பின்னேரச் செய்தி கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. என் சைக்கிளில் டைனமோ இருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, வயரை ரேடியோவுக்குக் கொழுவி, மிதிகட்டையைக் கையால் சுற்றினால் செய்தி வரும். அந்தக் காலத்தில் வன்னியில் பாதிப் பேர் அப்படித்தான் உலகத்தைக் கேட்டோம். நான் ஒவ்வொரு பின்னேரமும் போய் அவருக்குச் செய்தி சுற்றிக்கொடுத்தேன். செய்தியில் எனக்கிருந்த அக்கறையைப் பார்த்து அவர் என்னை மெச்சினார். என் அக்கறை, அலைவரிசை விலகாமல் ரேடியோவின் திருகைப் பிடித்துக்கொண்டு இருந்தவரில் இருந்தது. செய்தி முடிந்ததும் அவர் கால்முகம் கழுவிச் சாமி கும்பிடப் போவார். அவருடைய தேவாரம் இரண்டு சினிமாப் பாட்டு நீளம். அந்த இரண்டு பாட்டுக்கும் நான் தொடர்ந்து சுற்றுவேன், உன் அம்மா தொடர்ந்து திருகைப் பிடிப்பார். ஒருவரோடொருவர் பேசினதில்லை. குறைவாகச் சுற்றினால் பாட்டுச் செத்துவிடும், கூடச் சுற்றினால் ரேடியோ எரிந்துவிடும். நடுவிலே ஒரு வேகம் இருக்கிறது, அதைக் கைதான் கண்டுபிடிக்கவேண்டும். மூன்றாம் கிழமை உன் அம்மா முதன்முதலாக வாய் திறந்தார். "கை நோகேல்லையோ?" என்றார். "இல்லை" என்றேன். அன்றைக்கு என் தோள்மூட்டு பலாக்காய் அளவு வீங்கியிருந்தது.

ஒருநாள், இரண்டாவது பாட்டின் நடுவில், திருகிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நாளைக்கும் வருவியளோ?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் கை என் கட்டுப்பாட்டில் இல்லை. பாட்டுக்காரர் ஊருக்கே கேட்கப் பாடினார், பிறகு கீச்சிட்டார், பிறகு ரேடியோவின் பின்பக்கத்தால் நீலப் புகை வந்தது. அம்மப்பா ஈரக்காலோடு ஓடிவந்தார். "என்ன மணம் இது? என்ன நடந்தது?" என்றார். நான் யோசிக்காமல், "மின்னல் அய்யா, வயராலை இறங்கிட்டுது" என்றேன். வானத்தில் ஒரு பஞ்சுத்துண்டு அளவு மேகம்கூட இல்லை. அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். உன் அம்மா தலையை நிமிர்த்தாமல், "ஓம் அப்பா, நானும் கண்டனான். பளிச்செண்டு மின்னினது" என்றார். தகப்பனிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத பெண் அவர். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்தால் போன சின்னராசா அண்ணை இதைக் கேட்டார். அடுத்த நாள் ஊர் முழுக்கக் கதை. மின்னல் ஒரு தேங்காயளவு உருண்டையாக இறங்கி, சைக்கிள் சில்லைச் சுற்றி ஓடி, ரேடியோவுக்குள் புகுந்ததாம். இருபத்தெட்டு வருடமாக அவர் அதைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமாகச் சொல்லிவருகிறார். எனவே வேணி மிதித்துப் புகை கிளம்பினால் முன்வரிசையில் இருக்கிற அவருக்கு எல்லாம் வெளிச்சமாகிவிடும், நான் இத்தனை காலம் காத்த மானம் போய்விடும் என்று பயந்தேன். என் மானம் காக்க உன் இரண்டு வருட உழைப்பைச் சர்ரென்று ஓட்டினேன். இதுதான் உண்மை, இதற்குக் கீழே வேறு உண்மை இல்லை.

இருக்கிறது. ஒன்று இருக்கிறது. அதையும் எழுதாமல் விட்டால் அம்மா சம்பல் தரமாட்டார்.

போரின் கடைசி இடப்பெயர்வில் உனக்குப் பத்து வயது. அதே சைக்கிளின் கரியரில் உன்னை இருத்தி, ஹாண்டிலில் சட்டிபானையைக் கட்டி, நாள்கணக்காகத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நீ கரியரிலிருந்து குனிந்து டைனமோவைத் தடவித் தடவி வந்தாய். "அப்பா, சைக்கிளுக்குக் கால் நோகாதோ?" என்று கேட்டாய். உன்னைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று, "நோகும் மோளை, ஆனா அது ஆருக்கும் சொல்லாது" என்றேன். சைக்கிளோடு அதற்கு மேல் போகமுடியாத ஒரு இடம் வந்தது. ஒரு பனையில் சாத்திவிட்டு வந்தோம். நீ அதன் சீற்றைப் பிடித்துக்கொண்டு, "போட்டுவாறம், நீ ஆறுதலா இரு" என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "பிந்துது, சைக்கிளோடை என்ன கதை உனக்கு?" என்று கத்தினேன். நீ அழவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு எத்தனையோ வருடம் நீ கீறிய கொப்பிகளில் எல்லாம் ஒற்றைக்கால் இயந்திரங்கள் எதிலோ சாய்ந்துகொண்டு நிற்கும். நான் அவற்றைப் பார்த்து, "இவள் ஏன் ஒரு மாட்டையோ மயிலையோ கீறமாட்டாளாம்" என்று பகிடி பண்ணியிருக்கிறேன். அன்றைக்கும் நான் ஒரு காட்சியை ஓட்டிவிட்டேன் பிள்ளை. ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாம். ஒரு நிமிடத்தில் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லமாட்டேன், அந்தக் காலத்தில் ஒரு நிமிடத்தில் எல்லாம் ஆகும். ஆனாலும் கத்தாமல் இழுத்திருக்கலாம். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

யாரோ படிப்பாளி உனக்குச் சொன்னாராம், காதல் பார்க்கிறவனுக்கு இயந்திரம் பிடிக்காது, இயந்திரம் பார்க்கிறவனுக்குக் காதல் பிடிக்காது, இரண்டையும் ஒரு படத்தில் போட்டால் இரண்டு பேரும் எழும்பிப் போய்விடுவார்கள் என்று. அவரை ஒருநாள் தர்மபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு வா. விடிய ஐந்தரைக்கு சின்னராசா அண்ணையின் தோட்டத்து வேலியோரம் நிறுத்திவைக்கிறேன். மனிசன் நீரிறைக்கும் மிசினை இழுத்துப்பார்த்து அது ஸ்ராட் எடுக்காவிட்டால், "வாடி என்ரை குஞ்சு, ஒருக்கா மட்டும், உனக்குப் புது ஒயில் வாங்கித் தாறன்" என்று அப்படியொரு குரலில் கொஞ்சுவார். அந்தக் குரலைத் தான் நாற்பது வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை என்று அவருடைய மனிசி புவனேஸ் அக்காவே எங்கள் வீட்டில் வந்து முறையிட்டிருக்கிறார். புது உழவு இயந்திரம் வந்தால் நாங்கள் அதற்குச் சந்தனம் பூசி, சில்லுக்குக் கீழே எலுமிச்சங்காய் வைத்துத்தானே எடுக்கிறோம்? மணப்பெண்ணுக்குக்கூட அவ்வளவு பயபக்தி காட்டுவதில்லை. உன் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தது ஆறு வோல்ற் மின்சாரத்தில். எங்களுக்கு நடுவில் ஒரு இயந்திரம் இல்லாவிட்டால் நீ இல்லை. நீ இரண்டைக் கலந்ததாக யாரும் சொன்னால் நம்பாதே. நீ பிறந்தபோதே அவை கலந்துதான் இருந்தன. வெட்டினால்தான் அது பொய்ப்படம்.

வெட்டவேண்டியவை வேறு சில இருக்கின்றன, அதையும் அப்பன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். படத்தில் வருகிற உன் எருமைக்கு முன்னால் மேல்வரிசைப் பல் இருக்கிறது. உலகத்தில் எந்த எருமைக்கும் அது கிடையாது. நூற்றைம்பது வருடத்தில் முளைத்துவிடும் என்று நீ சொன்னால் அதை நான் விஞ்ஞானமாக ஏற்கமாட்டேன். வேணி கதிர் முற்றிய வயலுக்குத் தண்ணீர் கேட்கிறாள். அந்த நேரத்தில் வயலில் தண்ணீர் நின்றால் எங்கள் ஊரில் அழுவது காவலன் அல்ல, வேணியின் அப்பன். பயிரைப் பச்சையாக்கு. பிறகு, அந்த இசை போடுகிற தம்பி. ஞாயிறு நீ பேசிய இருபது நிமிடத்தில் அவருடைய பெயர் பதினொரு தடவை வந்தது, அம்மா விரல்விட்டு எண்ணினார். பெயரை நான் இங்கே எழுதவில்லை, மலர் ஊர் முழுக்கப் போகும். எருமைப் பல்லை முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான் என்று நீ சொன்னதால் எனக்கு அவரில் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஏதாவது இருந்தால் நீயாகச் சொல்லு. இந்த வீட்டில் இனி ஓட்டிவிடும் வேலை இல்லை.

இனி இந்தக் கிழமை நடந்ததைக் கேள். புதன்கிழமை பஸ் ஏறி வவுனியா போய், நெளுக்குளத்தில் ஒரு பழைய சைக்கிள் சாமான் கடையைத் தேடிப் பிடித்தேன். கடைக்கார முஸ்லிம் நானா என்னை ஏற இறங்கப் பார்த்து, "டைனமோவா? இந்தக் காலத்தில டைனமோ யாருக்கு?" என்றார். "ஒரு பொம்பிளைக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டார். தகரப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்துத் தந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு அதே சனத்தை அதே மண்டபத்துக்கு மறுபடி கூப்பிட்டேன். போன தடவை படத்தில் ஒன்பது நிமிடம் ஓடிவிட்டது, ஓட்டினது நான், இந்தமுறை மடிக்கணினிக்குக் கிட்ட என் மனிசி இருப்பா, நான் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன் என்று அறிவித்தேன். கைதட்டினார்கள். எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வேணி சைக்கிளைத் தோண்டத் தொடங்கினாள். மண்ணுக்குள்ளிருந்து ஹாண்டில் வெளிவந்ததும் ஒரு பெண் மெல்லச் சத்தம்போட்டு அழத் தொடங்கினார். இங்கே எல்லோரும் எங்கேயோ ஒரு சைக்கிளை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே. அவள் மிதித்தாள், கண் பற்றியது. மிதித்தாள், புகைந்தது. நான் சின்னராசா அண்ணையின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. கடைசியில் காவலன் இரண்டு நிமிடம் பிந்தி வாய்க்காலை மூடி, கண்ணால் நீர் வழிந்து, படம் முடிந்து வெளிச்சம் வந்தது. சின்னராசா அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்தார். "வாசர் இல்லை" என்றார். பிறகு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கும் வாசர் தேஞ்சுபோச்சுப்போலை" என்றார்.

வாசலில் அவரைப் பிடித்தேன். "அண்ணை, அந்த மின்னல்..." என்று இழுத்தேன்.

"என்ன மின்னல்?"

"ரேடியோவிலை விழுந்தது. அது மின்னல் இல்லை அண்ணை. நான்தான் கூடச் சுத்தினனான்."

அவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். "டேய், உன்ரை மாமா அண்டைக்கே என்னட்டை வந்து சொன்னவரடா. 'சின்னராசா, பெடியன் ரேடியோவை எரிச்சுப்போட்டான், என்ரை பிள்ளை அவனுக்காண்டி எனக்குப் பொய் சொல்லுறாள், இனி நான் என்ன செய்யிறது?' எண்டு கேட்டார். மின்னலாவே இருக்கட்டும் அய்யா எண்டு நான்தான் சொன்னனான். இல்லாட்டி ரேடியோ எரிச்சவனுக்கு ஊரிலை ஆர் பொம்பிளை தாறது? அந்த உருண்டை, தேங்காயளவு, அதெல்லாம் ஆருக்காண்டி நான் கஷ்டப்பட்டுக் கட்டினது? உனக்குத்தான்."

"அப்ப ஊருக்கும் தெரியுமோ?"

"உனக்கு மட்டுந்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இருபத்தெட்டு வருடம் ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து எனக்காக ஒரு மின்னலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, நான் அவர்களுக்குக் காதல் விளங்காது என்று படத்தை ஓட்டியிருக்கிறேன். இந்தச் சனத்துக்காக நீ ஒன்றையும் வெட்டாதே. இவர்களுக்கு விளங்கியது வெளியில் இருப்பவர்களுக்கும் விளங்கும். விளங்காதவர்கள் வாசரைப் பற்றிக் கதைக்கட்டும், அதுவும் நல்ல பொழுதுபோக்குத்தான்.

கடைசியாக ஒரு விசயம். படத்தில் வேணி மிதிக்கும்போது நீங்கள் போட்டிருக்கிற சத்தம் தேனீ பறப்பதுபோல இருக்கிறது. உண்மையான டைனமோ அப்படிக் கத்தாது. ஆகவே இன்று காலை நான் இந்தப் புது டைனமோவைப் பூட்டி, சைக்கிளை முற்றத்தில் ஸ்ராண்டில் நிறுத்தி, ஒரு சின்ன மின்குமிழைக் கொழுவி, கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துச் சுற்றினேன். அம்மா குந்தியிருந்து குமிழைப் பிடித்துக்கொண்டார், திருகு பிடித்த அதே கை. அந்த ஒலியை உனக்கு அனுப்பியிருக்கிறேன். பின்னால் ஒரு சேவலும் சின்னராசா அண்ணையின் மிசினும் கேட்கும், அவற்றை அந்தத் தம்பி பார்த்துக்கொள்வார். முப்பதாவது செக்கனில் என் மூச்சு வாங்குவது கேட்கும். பிறகு அம்மாவின் குரல், "கை நோகேல்லையோ?" என்று. இந்தமுறை நான், "நோகுது" என்று சொன்னேன். "அப்ப விடுங்கோ, நான் சுத்துறன்" என்கிறார். நாற்பதாவது செக்கனில் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு வேறொரு வேகத்தில் சீராக எழும்பும். அது ஒலிப்பதிவில் வந்த பழுது இல்லை பிள்ளை. அந்த இடத்தில் கை மாறுகிறது. அதை மட்டும் வெட்டிவிடாதே.

அப்பா
தர்மபுரம்